தொட்ட குதிரை

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புச் சட்டம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் மூன்று வருடம் ட்ரெய்னியாக இருந்தேன். அதற்கு முன்னால் வல்லத்தில் வேறொரு கம்பெனியில் மூன்று வருடம். அங்கேயும் ட்ரெய்னிதான். ஆறு வருடமாகப் படிக்கிறான், பாஸ் மட்டும் ஆக மாட்டேன் என்கிறான் என்று சாத்தூரில் என் மாமா கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. மூன்று வருடம் முடிந்தால் ஒரு சர்டிபிகேட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு. இன்னொரு முறை வெளியே போனால் ட்ரெய்னியாகக்கூட எவனும் எடுக்க மாட்டான். அதற்கு வயது தாண்டிவிட்டது. நிரந்தரம் ஆக வேண்டும், இல்லையென்றால் காண்ட்ராக்டர் ஆளாகப் பெட்டி தூக்க வேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது.

லைனில் என் வேலை நான்கு போல்ட் போட்டு முடுக்குவது. எதிரே வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். எந்தப் பெட்டியில் கை விட வேண்டுமோ அதன் மேல் பச்சை விளக்கு எரியும். வேறு மாடல் வந்தால் வேறு பெட்டியில் எரியும். தப்பான பெட்டிக்குள் கை போனால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி பஸ்ஸர் அலறும், லைன் நிற்கும். முதல் மாதம் நான் யோசித்து யோசித்துப் போட்டேன். படப்பைக்காரர் ஒருவர் எங்கள் சூப்பர்வைசர். அவர் என் பின்னால் வந்து நின்று சொன்னார்:

"இன்னாப்பா, பரீட்சையா எழுதிகினு கீற? கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி கை போவணும். நீ யோசிச்சிகினு நின்னா வண்டி எப்பட்றா போவும்?"

நான் கற்றுக்கொண்டேன். ஆறு மாதத்தில் என் கைக்கு நான் தேவைப்படவில்லை. கை பாட்டுக்குப் போல்ட் போடும். நான் பாட்டுக்கு மனதுக்குள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பேன்.

சதுரங்கம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது. கம்பெனி பஸ்ஸில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. பஸ்ஸில் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்குவார்கள், நான் போனில் ஆடுவேன். அதிலும் எனக்குப் பைத்தியம் தொடக்க ஆட்டங்களில். முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களை யார் யாரோ நூறு வருடமாக அலசி எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டம் பிசகினால் செத்தோம். அந்த வெறி பிடித்த ஆட்டங்களில் ஒன்றைத்தான் நான் கறுப்புக்கு எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆட்டத்தைச் சதுரங்கம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு வருவதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கறுப்பு ராஜாவின் பக்கத்தில் ஒரு சிப்பாய் நிற்கும். ராஜாவைத் தவிர அதற்குக் காவல் கிடையாது. வெள்ளைக் காய் ஆடுகிறவன் ஒரு பிஷப்பையும் ஒரு குதிரையையும் சீக்கிரமே கிளப்பி அந்த ஒரு சிப்பாயைக் குறிவைப்பான். கறுப்பு என்ன செய்யும் என்றால், நடுவில் ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தன் குதிரைகளில் ஒன்றைப் பலகையின் ஓரத்துக்கு அனுப்பி அந்தப் பிஷப்பை விரட்டும். ஓரத்தில் நிற்கிற குதிரைக்குப் பாதி வழி அடைபட்டுப்போகும், யாரும் விரும்பி அங்கே வைக்க மாட்டார்கள். இங்கே வேண்டுமென்றே வைக்கிறோம். இன்னொரு குதிரை ராஜாவுக்கு முன்பக்கம், அந்தச் சிப்பாய்க்கு நேர் எதிரே கதவு மாதிரி நிற்கும்.

எட்டாவது நகர்த்தலில் வெள்ளைக்கு மூன்று வழி. பிஷப்பை நடுவுக்கு இழுத்தால், என் கதவுக் குதிரை பலகையின் மத்தியில் குதிக்க வேண்டும். அங்கிருந்து இன்னொரு தாவு தாவினால் வெள்ளை ராஜாவின் வாசலில் நிற்கும். அந்த இரண்டு தாவலுக்காகத்தான் நான் இந்த ஆட்டத்தையே எடுத்தேன், அவ்வளவு அழகு. பிஷப்பை ராஜாவுக்குப் பக்கத்தில் இழுத்தால், நான் ஒரு சிப்பாயை நகர்த்த வேண்டும். மூன்றாவது, பிஷப்பை அப்படியே விட்டுவிட்டு ராணி வெளியே வந்து என் கதவுக் குதிரைக்கு நேரே நிற்பது. அப்போது மூலையில் இருக்கிற யானையை ஒரே ஒரு கட்டம் தள்ளி வைத்தால் போதும். குதிரையை மட்டும் தொடக் கூடாது. அது நகர்ந்தால் ராணி நேராக வந்து அந்தச் சிப்பாயை எடுக்கும். அங்கேயே ஆட்டம் முடியும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் தோற்றிருந்தால் இவ்வளவு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கம்பெனிகளுக்கு இடையில் சதுரங்கப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு டீமுக்கு நான்கு பேர். கேண்டீனில் நான் ஆடுவதைப் பார்த்தவர்கள் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். மற்ற மூன்று பேரும் நிரந்தரம், நான் ஒருவன்தான் ட்ரெய்னி. என் மூன்று வருடம் முடிய அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. பெர்சனல் டிபார்ட்மெண்ட் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் அறையில் ஏ.சி. ஓடியது, எனக்கு வேர்த்தது.

"நல்லா ஆடுவீங்கன்னு சொன்னாங்க. கப்பு கொண்டு வாங்க, நான் மேல பேசுறேன். ப்ராமிஸ் எல்லாம் பண்ணல. பேசுறேன்."

இதைக் கேட்டு ஒருவன் பறக்கலாமா? நான் பறந்தேன். இதற்கு முன் வாலிபால் டீமில் ஆடிய இரண்டு பேரை நிரந்தரம் ஆக்கினார்கள் என்று கேண்டீனில் எல்லோரும் சொன்னார்கள். அந்த இரண்டு பேரை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டு, ஆகிவிடும் போலிருக்கிறது என்று சொன்னேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

போட்டி இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆட்டத்தில் ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருந்தார்கள். முதல் ஞாயிறு ஒரு ஆட்டத்தில் நான் ஜெயிக்கிற நிலையில் இருந்து, நேரம் தீர்ந்து தோற்றேன். எங்கள் முதல் பலகைக்காரர் குவாலிட்டியில் இன்ஜினியர், மரியாதையான மனிதர். ஆனால் அன்றைக்கு அவருக்கும் முகம் சுருங்கிவிட்டது.

"தெரிஞ்ச மூவுக்கு எதுக்குத் தம்பி யோசிக்கிறீங்க? ஓப்பனிங்க சட்டுசட்டுன்னு ஆடிட்டு, நேரத்தை அப்புறம் செலவு பண்ணுங்க."

நியாயமான பேச்சு. அந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிக்கெல்லாம் ரூமுக்கு வந்துவிடுவேன். என் ரூம்மேட் திருநெல்வேலிப் பக்கம், வேறு கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இருந்தான். சதுரங்கம் அவனுக்குச் சுத்தமாகத் தெரியாது. அவனை எதிரே உட்காரவைத்து, வெள்ளைக் காய்களை எப்படி நகர்த்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். போனில் நேரம் ஓடும். பன்னிரண்டு நகர்த்தல், ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்ததும் கலைத்து அடுக்கி மறுபடியும்.

"ஏல, இந்தக் குதிரைக்கு நேரா போகவே தெரியாதா?" என்பான் அவன். "ஒன்னைய மாதிரியே கோணலாத்தாம்ல போகுது."

எட்டாவது நகர்த்தலில் மூன்று வகையையும் மாற்றி மாற்றி ஆடச் சொல்லியிருந்தேன். இரண்டு நாள் ஆடினான். பிறகு சலித்துப்போய்த் தாளைப் பார்ப்பதை விட்டுவிட்டான். பிஷப்பை நடுவுக்கு இழுப்பது ஒன்றுதான் அவனுக்கு மனப்பாடம். ஒவ்வொரு முறையும் அதையே செய்தான். நானும் சொல்லித் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. எனக்கு அந்தக் குதிரையின் இரண்டு தாவல் வேண்டியிருந்தது. அவன் இழுப்பான், நான் தாவுவேன், இழுப்பான், தாவுவேன். சனிக்கிழமை நாற்பது விநாடியில் முடித்தேன். என் கை லைனில் போகிற மாதிரியே போனது. அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம்! மடையன் நான்.

இரண்டாவது ஞாயிறு கடைசிச் சுற்றில் எங்களுக்கு எதிரே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி டீம். ஜெயிக்கிறவர்களுக்குத்தான் கப்பு. என் பலகையில் எனக்கு எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை. நாள் முழுக்க விரலில் உறை மாட்டி வேலை செய்கிறவர்களுக்கு வரும் வெளுப்பு அவள் விரல் நுனிகளில் இருந்தது. அவளும் ட்ரெய்னிதான் என்று அட்டையின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நடுவர் மேடைமேல் ஏறி, முந்தின நாள் கல்யாண வரவேற்புக்குப் போட்டிருந்த ராஜா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று விதிகளைப் படித்தார். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதை இரண்டு முறை சொன்னார்.

அவளுக்கு வெள்ளைக் காய். முதல் நாலைந்து நகர்த்தலிலேயே என் ஆட்டத்துக்குள் வந்துவிட்டாள். எனக்கு உள்ளே குதியாட்டம். பிஷப், குதிரை, என் சிப்பாயை எடுத்தாள், நான் குதிரையை ஓரத்துக்கு அனுப்பினேன். அவள் நிதானமாக ஆடினாள். அவள் காயிலிருந்து கையை எடுப்பதற்குள் நான் ஆடி கடிகாரத்தைத் தட்டினேன். ஏழு நகர்த்தலுக்கு எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்துப் பலகைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது.

எட்டாவதாக அவள் ராணியை எடுத்து என் குதிரைக்கு நேரே வைத்தாள்.

என் கண் அதைப் பார்த்தது. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குள் என் கை குதிரையைத் தூக்கிவிட்டது. பலகைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் குதிரை என் விரல்களுக்கு நடுவில் இருந்தது. அங்கே பச்சை விளக்கு இல்லை, பஸ்ஸர் இல்லை. கல்யாண மண்டபத்தில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். எனக்கு நுழைந்து வெளியே வந்துவிட்டது.

கையை நிறுத்தினேன். குதிரைக்கு எட்டு வழி. ஒன்றில் என் ராஜாவே நிற்கிறார், ஒன்றில் என் சிப்பாய். மீதி ஆறு. ஆறையும் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அது கதவை விட்டு நகர்ந்துதான் ஆக வேண்டும். ராணி உள்ளே வருவாள். மறுபடியும் முதலில் இருந்து பார்த்தேன். குதிரைக்கு ஏழாவது வழி ஒன்று இருந்து எனக்கு மட்டும் தெரியாமல் இருக்குமோ என்று நினைக்கிற அளவுக்குப் புத்தி போனது. கடிகாரத்தில் எனக்கு இருபத்துநான்கு நிமிடத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு நேரத்தை நான் ஜென்மத்தில் வைத்திருந்ததில்லை.

நடுவர் இரண்டு மேசை தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குதிரையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு யானையைத் தொட்டால் என்ன என்று தோன்றியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே தோன்றியது. அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பி வைக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை, பரவாயில்லை என்று அவளும் விடவில்லை. பதினொரு நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தேன். கை வலித்தது. கடைசியில், கை முதலில் போக இருந்த நடுக்கட்டத்திலேயே குதிரையை வைத்தேன். அவள் ராணியால் சிப்பாயை எடுத்துவிட்டுக் கடிகாரத்தை நிறுத்தினாள். மேட் என்றுகூடச் சொல்லவில்லை.

மற்ற மூன்று பலகையும் முடிந்தபோது ஒன்றரைக்கு ஒன்றரை. என்னுடையது ஒரு டிரா ஆகியிருந்தாலே கப்பைப் பங்கு போட்டிருப்பார்கள். ஆட்டம் பார்க்க வந்திருந்த பெர்சனல் அதிகாரி என் தோளைத் தட்டி, "பரவால்லப்பா, கேம்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். என்ன பேசினாலும் அழுதுவிடுவேன் என்று இன்ஜினியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் பக்கத்தில் வரவே இல்லை.

அந்த மாதக் கடைசியில் என் மூன்று வருடம் முடிந்தது. பூட்ஸ், லாக்கர் சாவி, அட்டை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். என் ஸ்டேஷனில் ஒரு புது ஆள் நின்று, பச்சை விளக்கைத் தேடித் தேடிப் போல்ட் எடுத்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஒன் கை மாதிரி வராதுப்பா. சொல்லிட்டேன்."

பாராட்டுதான். அதை வாங்கிக்கொண்டு நான் எங்கே போவது?

பிறகு ஐந்து மாதம் ரூமிலேயே கிடந்தேன். ஊருக்குப் போக முகம் இல்லை. அம்மா போனில் கேட்பதையும் விட்டுவிட்டாள். அந்த எட்டாவது நகர்த்தலைப் பலகையில் அடுக்குவேன். யானையை ஒரு கட்டம் தள்ளி வைப்பேன். அங்கிருந்து ஆட்டம் எனக்கு நன்றாகத்தான் போகும். நான் ஜெயிப்பேன், கப்பு வரும், அதிகாரி மேலே பேசுவார், எனக்கு நிரந்தர ஆட்கள் போடுகிற நீலச் சட்டை கொடுப்பார்கள். தினமும் ஜெயித்தேன். ரூம்மேட் முதலில் கேலி செய்தான், பிறகு பயந்தான்.

"அந்தப் பலகைய எடுத்து உள்ள வையில. ஒனக்கு என்னமோ ஆயிட்டு."

நான் வைக்கவில்லை. என் கையை நானே திட்டிக்கொண்டிருந்தேன். கெட்ட வார்த்தையிலும் திட்டியிருக்கிறேன். ஆனால் அதில் ஒரு ஆறுதல் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தப்பு என்னுடையது. நான் ஒழுங்காக ஆடியிருந்தால் கிடைத்திருக்கும். அப்படியென்றால் அது கிடைக்கக்கூடிய பொருள்தான். அந்த நினைப்பில்தான் காலையில் எழுந்து பல் தேய்த்தேன்.

ஆறாவது மாதம், வாலாஜாபாத் போகிற ரோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு காண்ட்ராக்டர் வரச் சொன்னார். கேட்டுக்கு வெளியே ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்கள் வரிசையில் இருந்து ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அவளே பேசினாள்.

"அண்ணா, என்னிய தெர்தா? மண்டபத்துல செஸ் ஆடினோமே."

விரலைப் பார்த்தேன். வெளுப்பு போயிருந்தது.

"தெரியாம இருக்குமாங்க" என்றேன். நல்ல விதமாகச் சொல்லவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"நீங்க அன்னிக்கு குதிரைய திருப்பி வெச்சிருந்தா நான் கைய தூக்கி நடுவர கூப்ட்ருப்பேண்ணா. பொய் சொல்ல மாட்டேன். அப்போ எனக்கு அந்த வேலை வேணும். கப்பு அடிச்சா பெர்மனென்ட்டுக்கு மேல பேசறேன்னு சொல்லியிருந்தாங்க எங்களாண்ட."

"யாரு?"

"எங்க எச்.ஆர். தான்."

அவர்கள் கம்பெனியிலும் அதே வார்த்தை. ஜெயித்தவள் ஏன் இந்த வெயிலில் வரிசையில் நிற்கிறாள் என்ற கேள்வியே அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டேன்.

"கப்பு ரிசப்ஷன்ல கண்ணாடி அலமாரில வெச்சிக்கிறாங்க. எங்கள அந்தப் பக்கம் விட மாட்டாங்க. கடைசி நாளு கார்டு குடுக்கப் போனேன் பாருங்க, அன்னிக்குதான் நானே பார்த்தேன். மேட்ச் முடிஞ்சி அடுத்த மாசம்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அற்பச் சந்தோஷம், ஒரு நொடி. அது போனதும்தான் கணக்கு புரிந்தது. ஐந்து மாதமாக நான் யானையை நகர்த்தி நகர்த்தி ஜெயித்த அத்தனை ஆட்டமும் அந்தக் கண்ணாடி அலமாரியில்தான் போய் முடிந்திருக்கும். தப்பு என்னுடையது என்ற ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் என்னுடையது இல்லை.

ஆண்கள் வரிசை இரண்டு அடி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். அவள் வரிசை நகரவில்லை. அவள் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள்.

"ராணிய வெளிய கொண்டாரது வரைக்கும்தாண்ணா எனக்கு தெரியும். நீங்க யானைய நகத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

அந்த நிலையில் இருந்து பதினைந்து நகர்த்தல் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

"ஒன்னும் ஆயிருக்காதுங்க" என்றேன்.